பெருந்தொற்றும் குழந்தை நரம்பியல் சேர்க்கைகளும்: 2020இன் சதவீதத்தை நம்பலாமா?

#1 பிஜி_நிலா
ஆய்வேட்டுக்காக 2017 முதல் 2023 வரை குழந்தைகள் வார்டு, ஐசியு இரண்டிலும் பதிவான நரம்பியல் சேர்க்கைகளைத் தொகுத்துவருகிறேன். கோவிட்டுக்கு முன், கோவிட் காலம், பின் என்று மூன்றாகப் பிரித்திருக்கிறேன். முதல் கட்டக் கணக்கில், 2020இல் மொத்தச் சேர்க்கையில் நரம்பியலின் பங்கு நன்றாக ஏறியிருக்கிறது. "கோவிட் குழந்தைகளின் நரம்பு மண்டலத்தைப் பாதித்ததால் சேர்க்கை கூடியது" என்று முடிவுரையில் எழுதலாமா? எழுதினால் வைவாவில் (ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வில்) எங்கே இடிக்கும்?

#2 புள்ளியியல்_மாணிக்கம்
முதல் வரியிலேயே இடிக்கும், நிலா. பங்கு ஏறியது என்றால் எண்ணிக்கை ஏறியது என்று பொருளில்லை. கணக்குக்காக ஒரு வார்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் 400 சேர்க்கை, அதில் நரம்பியல் 40. அதாவது 10 சதவீதம். முடக்கத்தில் வயிற்றுப்போக்கும் மூச்சிரைப்பும் சாதாரணக் காய்ச்சலும் வராமல் மொத்தம் 150க்கு இறங்குகிறது, நரம்பியல் 27க்கு இறங்குகிறது. பங்கு இப்போது 18 சதவீதம். உண்மையில் மூன்றில் ஒரு பங்கு நோயாளிகள் குறைந்திருக்கிறார்கள், அட்டவணையோ கிட்டத்தட்ட இரட்டிப்பு என்று சொல்லும்.

வகுக்கும் எண்ணாக மொத்தச் சேர்க்கையை வைக்காதீர்கள். அதுவே பெருந்தொற்றால் ஆட்டம் கண்ட எண். உங்கள் மருத்துவமனைக்கு வரும் மாவட்டங்களின் குழந்தை மக்கள்தொகை கிடைத்தால் அதை வையுங்கள். கிடைக்காவிட்டால் வாராந்தர எண்ணிக்கையை அப்படியே காட்டுங்கள், சதவீதமே வேண்டாம்.

இன்னொன்று, "நரம்பியல் பாதிப்பு" என்றால் என்ன என்பதை முதலில் எழுதிவைத்துவிட்டு எண்ணுங்கள். 2021இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் காரணம் புரியும். அமெரிக்காவின் 61 மருத்துவமனைகளில் கோவிட்டுடன் சேர்ந்த 21 வயதுக்குட்பட்ட 1,695 பேரில் 365 பேருக்கு, அதாவது 22 சதவீதத்தினருக்கு, நரம்பியல் பாதிப்பு என்றார்கள். பிரிட்டனின் தேசியக் கண்காணிப்பு, சேர்க்கப்பட்ட 1,334 பேருக்கு 52 என்றது. நூற்றுக்கு 3.8. ஒரே வைரஸ், ஒரே ஆண்டு, ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! அமெரிக்கப் பட்டியலில் தலைவலி, மணம் சுவை தெரியாமை, அசதி எல்லாம் உள்ளே. பிரிட்டன் பட்டியலில் நரம்பியல் மருத்துவர்கள் தேர்ந்து அறிவித்தவை மட்டும். அமெரிக்காவின் 365 பேரிலும் 322 பேருக்கு வந்த தொந்தரவு தானாகவே அடங்கியது. உயிருக்கு ஆபத்தான நிலைக்குப் போனவர்கள் 43. இந்த 43ஐ 1,695ஆல் வகுத்தால் 2.5 சதவீதம். அப்போது இரண்டு நாடும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

#3 நரம்பியல்_கதிர்
மாணிக்கம் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். "நரம்பியல் சேர்க்கை" என்ற ஒரே கோட்டை வரைந்தால் ஒன்றும் தெரியாது. காய்ச்சல் வலிப்பு, ஏற்கெனவே உள்ள வலிப்பு நோய், பாக்டீரியா மூளை உறைக் காய்ச்சல், கில்லன்-பாரே (நரம்பு அழற்சியால் கைகால் தளர்வது), தலைக்காயம், குழந்தைப் பக்கவாதம் எல்லாம் வேறு வேறு கயிற்றில் கட்டியவை. சில தொற்றுப் பரவலோடு ஆடும், சில மருந்து கிடைப்பதோடு, சில பேருந்து ஓடுகிறதா என்பதோடு.

காய்ச்சல் வலிப்பைப் பாருங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு வருவது. தூண்டுவது பெரும்பாலும் இன்ஃப்ளூயன்சா, அடினோ, ஆர்எஸ்வி, எச்எச்வி-6 போன்ற வைரஸ்கள். பள்ளி, பால்வாடி, கல்யாண மண்டபம் எல்லாம் மூடியபோது இவற்றில் பலவற்றின் பரவல் வெகுவாகக் குறைந்தது, காய்ச்சல் வலிப்பும் பல நாடுகளில் சரிந்தது. 2021 இறுதியில் ஒமிக்ரான் வந்ததும் எண்ணிக்கை குபீரென்று மேலே போனது. அந்த அலையில் ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் காய்ச்சலோடு வலிப்பு வந்ததைப் பல இடங்களில் பதிவுசெய்திருக்கிறார்கள். ஆகவே வயது வரம்பை 60 மாதத்தில் வெட்டினால் அந்த மாற்றம் உங்கள் தரவில் தெரியாமலே போய்விடும். 12 வயது வரை எடுத்து, வயது வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள்.

"மூடியதால்தான் குறைந்தது, பெற்றோர் பயந்து கூட்டிவராததால் இல்லை" என்பதற்கு என்ன சாட்சி என்று வைவாவில் கேட்பார்கள். அதற்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. 26 நாடுகள், ஆட்சிப்பகுதிகளின் ஆய்வகங்கள் சேர்ந்து 2018 ஜனவரி முதல் 2020 மே வரை பார்த்தன. நியுமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மெனிங்கோகாக்கஸ் மூன்றும் உடலுக்குள் ஊடுருவி உண்டாக்கும் நோய் எல்லா இடத்திலும் சரிந்தது. குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் சரியவில்லை. அது மூச்சுக்காற்றில் பரவுவதில்லை, பச்சிளங் குழந்தைக்குப் பெரும்பாலும் தாயிடமிருந்தே வருகிறது. ஆய்வகங்கள் முடங்கியதோ, மக்கள் வராததோ மட்டுமே காரணமாக இருந்தால் நான்கும் சேர்ந்து விழுந்திருக்க வேண்டும்.

உங்கள் தரவிலும் இப்படி ஒரு ஒப்பீட்டு நோயை வையுங்கள். பரவலோடு சம்பந்தமில்லாத, வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாத ஒன்று. ஷன்ட் (மூளை நீரை வடிக்க வைத்த குழாய்) அடைப்பு பொருத்தமாக இருக்கும். அதுவும் சேர்ந்து குறைந்திருந்தால், குறைந்தது நோயல்ல, வருகை.

#4 யாழ்_வைத்தியர்
இலங்கையிலிருந்து ஒரு உதாரணம். 2019 இல் நாடு முழுக்க டெங்கு ஒரு இலட்சத்தைத் தாண்டியது, 2020 இல் 31 ஆயிரத்தை ஒட்டி நின்றது. நுளம்பு ஊரடங்குக்குக் கட்டுப்படாது என்று கேலியாகச் சொல்லலாம். ஆனால் ஈடிஸ் பகலில் கடிக்கிற நுளம்பு, பிள்ளைகள் பகலில் கூடுகிற இடம் பாடசாலை. பாடசாலை மூடினதும் நடமாட்டம் நின்றதும் டெங்கைக் குறைத்தது என்று பல நாட்டுத் தரவை வைத்துச் செய்த ஆய்வும் பிறகு வந்தது.

நிலா, உங்கட தரவில் டெங்கு மூளைப் பாதிப்பை வைரஸ் மூளைக்காய்ச்சலோடு ஒரே பெட்டியில் போட வேண்டாம். நுளம்பால் வருவதை (டெங்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல்) ஒரு பக்கம், சளி வைரஸால் வருவதை இன்னொரு பக்கம் வையுங்கோ. ரெண்டும் குறைஞ்சு திரும்பக் கூடின காலம் வேறு வேறு.

#5 பிஐசியு_ரேவதி
வார்டு எண்ணிக்கை குறைந்த அதே மாதங்களில் ஐசியு பங்கு ஏறியிருக்கும், அதையும் அப்படியே நம்பாதீர்கள். ஆனால் முழுக்கத் தள்ளவும் வேண்டாம். இங்கே தாமதம் என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறது.

இதற்கு நன்றாக அளந்த சான்று நரம்பியலுக்குப் பக்கத்து வீட்டில் கிடைக்கிறது. ஜெர்மனியில் 2020 மார்ச் 13 முதல் மே 13 வரை புதிதாக டைப்-1 சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட 532 பிள்ளைகளில் 44.7 சதவீதம் பேர் கீட்டோ அசிடோசிஸ் (இன்சுலின் இல்லாமல் ரத்தம் அமிலமாவது) நிலையில் வந்தார்கள். முந்தைய ஆண்டு அதே காலத்தில் 24.5 சதவீதம். மூளை வீக்கம் வருவது இந்த நிலையில்தான், அதனால் நமக்கும் சம்பந்தம் உண்டு. ஆரம்பத்தில் பிடிபட வேண்டியது பிடிபடவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் வேண்டாம்.

வலிப்பில் தாமதம் எப்படிக் கெடுக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே. ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காத வலிப்புக்கு முதல் மருந்து பென்சோடயசிபைன்: சிரை கிடைத்தால் லோரசெபாம் கிலோவுக்கு 0.1 மி.கி., அதிகபட்சம் 4 மி.கி.; கிடைக்காவிட்டால் மிடசோலம் மூக்கிலோ தசையிலோ கிலோவுக்கு 0.2 மி.கி., அதிகபட்சம் 10. நேரம் போகப் போக இந்த மருந்து பிடித்து வேலைசெய்யும் ஏற்பிகள் நரம்பணுவின் மேற்பரப்பிலிருந்து உள்ளே இழுக்கப்படுகின்றன. முப்பதாவது நிமிடத்தில் கொடுக்கும் அதே டோஸ் ஐந்தாவது நிமிடத்தில் கொடுத்த மாதிரி கேட்காது. அடுத்த படியில் லெவெடிரசெடாம் 60, ஃபாஸ்ஃபெனிடோயின் 20, வால்ப்ரோயேட் 40 மி.கி. (எல்லாம் கிலோவுக்கு) மூன்றும் சமமே, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் நிற்கும் என்பது 2019இல் வெளியான ஒப்பீட்டு ஆய்வின் முடிவு. மீதிப் பாதி மூச்சுக்குழாயில் டியூப் போடும் நிலைக்கு நகர்வார்கள். கோவிட்டில் டியூப் போட முழுக் கவச உடை, குறைந்த ஆட்கள், தனி அறை என்று ஒவ்வொரு படியும் நீண்டது.

ஆகவே சேர்க்கை எண்ணிக்கையோடு வலிப்பு தொடங்கி முதல் மருந்து கிடைத்த வரையான நிமிடங்களையும் எடுங்கள். கேஸ் ஷீட்டில் பாதியில்தான் இருக்கும். இருக்கிற பாதியும் போதும்.

#6 எம்ஆர்டி_சேகர்
பதிவேட்டுப் பக்கத்திலிருந்து சில விஷயங்கள். இவற்றைச் சரிசெய்யாமல் மாடல் ஓட்டிப் பயனில்லை.

ஐசிடி என்ற நோய்க் குறியீட்டு முறையில் கோவிட் குறியீடு யு07.1 நடைமுறைக்கு வந்தது 2020இன் தொடக்கத்தில். பல மருத்துவமனைகளில் முதன்மை நோய் இடத்தில் யு07.1 ஏறி உட்கார்ந்துகொண்டது, காய்ச்சல் வலிப்பின் ஆர்56.0 இரண்டாம் இடத்துக்குப் போனது. முதன்மைக் குறியீட்டை மட்டும் தேடினால் வலிப்புகள் குறைந்த மாதிரி தெரியும். எல்லாக் குறியீட்டு இடங்களிலும் தேடச் சொல்லுங்கள். குழந்தைகளின் பல்லுறுப்பு அழற்சிக்கான யு10.9 பிறகுதான் வந்தது. அதற்கு முந்தைய கேஸ்கள் கவாசாகி என்றோ, செப்சிஸ் என்றோ கிடக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஃபெரிட்டின், எக்கோ, இம்யூனோகுளோபுலின் என்ற சொற்களை வைத்துத் தேடினால் பிடிபடும்.

ஆர்56.0, ஆர்56.8 (மற்ற வலிப்பு), ஜி40 (வலிப்பு நோய்), ஜி41 (நிற்காத வலிப்பு) நான்கும் ஒன்றுக்கொன்று மாறிக் கிடக்கும். யார் பணியில் இருந்தார் என்பதைப் பொறுத்து மாறும் அளவுக்கு. குறைந்தது ஐம்பது கேஸ் ஷீட்டை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து, குறியீடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காப்பாவோடு (இருவர் முடிவும் ஒத்துப்போகும் அளவு) எழுதுங்கள்.

பிறகு, திட்டமிட்ட சேர்க்கையைத் தனியாக எடுத்துவிடுங்கள். வீடியோ இஇஜி (மூளை மின்பதிவு), மயக்கம் கொடுத்து எம்ஆர்ஐ, கீட்டோ உணவு தொடங்குவது, போட்டாக்ஸ் ஊசி எல்லாம் 2020இல் உத்தரவால் நிறுத்தப்பட்டவை. அது நோய் குறைந்த கணக்கல்ல.

ஒரே பிள்ளை வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டுத் திரும்பி வந்தால் இரண்டு சேர்க்கை எண் விழும். 24 மணி நேரத்துக்குள் மறுசேர்க்கை என்றால் ஒன்றாக இணையுங்கள். உங்கள் கட்டடமே சில மாதம் கோவிட்டுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தால் அந்த மாதங்களை வரைபடத்தில் நிழலிட்டுக் காட்டியே ஆக வேண்டும்.

#7 வேடிக்கை_பார்ப்பவன்
இவ்வளவு எதற்கு? மாஸ்க் போட்டு இரண்டு வருடம் பிள்ளைகளை வீட்டில் பூட்டினோம், தொற்றே வராததால் எதிர்ப்புச் சக்தி பழகாமல் நோயெதிர்ப்புக் கடன் ஏறியது, 2022இல் வட்டியோடு வசூலானது. அவ்வளவுதான் விஷயம்.

#8 நரம்பியல்_கதிர்
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எல்லா நோயும் அந்தக் கதைக்கு ஒத்துழைத்தால் ஏற்றுக்கொள்வேன்.

ஒத்துழைப்பது ஒன்று: அமெரிக்கக் குழந்தைகள் மருத்துவமனைகளில் மண்டைக்குள் சீழ்க்கட்டி. 2016 முதல் 2019 வரை மாதத்துக்கு 34 என்பது நடுமதிப்பு. 2020 மே மாதத்துக்குப் பின் இறங்கியது. 2021 ஆகஸ்டிலிருந்து மேலே வந்து, 2022 டிசம்பரில் 102 ஆனது. இன்ஃப்ளூயன்சாவும் ஆர்எஸ்வியும் ஒன்றாகத் திரும்பிய குளிர்காலம் அது. சளி வைரஸ் சைனஸை அடைக்க, அங்கே குடியிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் எலும்பைத் தாண்டி உள்ளே போகிறது. பாதை தெளிவு.

ஒத்துழைக்காதது ஒன்று: ஏஎஃப்எம் என்கிற திடீர் தளர்வாதத் தண்டுவட அழற்சி. என்டெரோ வைரஸ் டி68ஓடு சேர்ந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உச்சம் தொடும். அமெரிக்காவில் உறுதியானவை 2014இல் 120, 2016இல் 153, 2018இல் 238. 2020இல் அடுத்த உச்சத்தை எதிர்பார்த்தார்கள், முப்பத்துச் சொச்சத்தோடு நின்றது. அதுவரை கடன் கதை சரி. 2022இல் டி68 நன்றாகவே திரும்பி வந்தது. கடன் கதைப்படி 2018ஐத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டவில்லை, கிட்டக்கூட வரவில்லை. வைரஸே மாறியிருக்கலாம், வேறு காரணமும் இருக்கலாம். ஆனால் "கடன்" என்ற ஒற்றைச் சொல் இரண்டையும் விளக்காது.

அதே 2022இல் பச்சிளங் குழந்தைகளுக்குப் பரேகோ வைரஸ். ஜூலையில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கையே விட்டது. பிறந்து சில வாரமேயான சிசு காய்ச்சலோடும் வலிப்போடும் வரும், சிஎஸ்எஃப்பில் (மூளை, தண்டுவட நீரில்) வெள்ளணு பெரும்பாலும் கூடியிருக்காது, எம்ஆர்ஐயில் வெள்ளைப் பொருளில் மாற்றம் பளிச்சென்று தெரியும். செல் இல்லை என்பதால் மூளைக்காய்ச்சல் இல்லை என்று மூடிவிட்டால் தவறிப்போகும். 2022 தரவில் "காரணம் தெரியாத பச்சிளங் குழந்தை வலிப்பு" என்று கிடப்பவற்றில் எத்தனைக்கு இந்தச் சோதனை செய்தார்கள் என்று பாருங்கள், நிலா.

#9 வேடிக்கை_பார்ப்பவன்
சீழ்க்கட்டிக் கணக்கு புதிது. ஆனால் தாய்க்கு அந்த இரண்டு ஆண்டும் தொற்று வராததால் சிசுவுக்குப் போகும் எதிர்ப்புப் பொருள் குறைந்தது என்பதும் ஒரு வகைக் கடன்தானே?

#10 நரம்பியல்_கதிர்
அந்த அர்த்தத்தில் ஏற்கலாம். அது ரத்தத்தில் அளந்து காட்டக்கூடிய ஒன்று. "பூட்டி வைத்ததால் பிள்ளைகளின் எதிர்ப்புச் சக்தியே மழுங்கிவிட்டது" என்பதுதான் நிரூபணம் இல்லாதது. இரண்டையும் ஒரே சொல்லில் அடைப்பதால்தான் சண்டையே.

#11 மனநலம்_பூங்குழலி
ஒரு வகையை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். செயல்சார் நரம்பியல் கோளாறுகள், அதாவது மூளையில் கட்டமைப்புப் பழுது இல்லாமல் செயல்பாடு தடுமாறுவது. 2020 இறுதி முதல் லண்டன், கனடா, ஜெர்மனி என்று பல இடங்களில் பதின்வயதுப் பெண்பிள்ளைகள் திடீரென்று சிக்கலான டிக் (தன்னை மீறி வரும் திடீர்) அசைவுகளோடு வந்தார்கள். வழக்கமான டிக் ஐந்து முதல் ஏழு வயதில், அதிகமாக ஆண்பிள்ளைகளுக்கு, கண் சிமிட்டலில் தொடங்கி மெல்ல வளரும். இது பன்னிரண்டைத் தாண்டிய வயதில், சில நாட்களிலோ மணி நேரங்களிலோ உச்சத்துக்குப் போனது. கை வீசல், தன்னையே அடித்தல், முழு வாக்கியமாகக் கெட்ட வார்த்தை. டிக்டாக் காணொளிகளில் பார்த்த அசைவுகளோடு ஒற்றுமை இருந்ததைப் பலர் எழுதியிருக்கிறார்கள். காணொளி மட்டுமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள், பெரும்பாலோருக்குப் பதற்றம், தனிமை, பள்ளி நெருக்கடி அடியில் இருந்தது.

சேர்க்கைத் தரவில் இது எஃப்44 (செயல்சார் கோளாறு), எஃப்95 (டிக்), ஆர்56.8, ஜி41 என்று நான்கு இடத்தில் சிதறியிருக்கும். செயல்சார் வலிப்பை நிற்காத வலிப்பு என்று எண்ணி மருந்து மேல் மருந்து ஏற்றி ஐசியுவுக்குப் போனவையும் ஜி41இல் ஒளிந்திருக்கும். கண் இறுக மூடியிருந்ததா, அசைவு விட்டு விட்டு வந்ததா, தலை பக்கவாட்டில் ஆடியதா, இஇஜி எடுத்தார்களா என்று சம்மரியில் பாருங்கள். வலிப்பு நோய் இருக்கிற பிள்ளைக்கே செயல்சார் வலிப்பும் சேர்ந்து வரலாம், அதனால் ஒன்றை வைத்து மற்றதை அடிக்க வேண்டாம்.

#12 ஊர்_குழந்தை_மருத்துவர்
சேர்க்கையே ஆகாமல் போனவர்களைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். சிசு வலிப்பு, வெஸ்ட் சின்ட்ரோம் என்று நாம் சொல்வது, இதில் மோசமாக அடிபட்டது. வலிப்பு தொடங்கிச் சிகிச்சை தொடங்கும் வரையான இடைவெளி இரண்டு மாதத்தைத் தாண்டினால் வளர்ச்சி நன்றாகப் பின்தங்கும். பார்க்க வலிப்பு மாதிரியே இருக்காது என்பதுதான் தொல்லை. "பயந்து பயந்து உதறுது", "வயிற்று வலி", "உரம் விழுந்திருக்கு" என்று சாதாரண நாளிலேயே வாரங்கள் ஓடும். பேருந்தும் இல்லை என்றால் கேட்கவே வேண்டாம்.

2020இல் அமெரிக்கக் குழந்தை நரம்பியல் சங்கத்தின் குழு இதற்கென்று தனி வழிகாட்டுதல் கொடுத்தது. ஏசிடிஎச் ஹார்மோன் ஊசிக்காக வார்டில் சேர்ப்பதை விட்டு, வாய்வழி ப்ரெட்னிசொலோன் ஸ்டீராய்டையோ விகாபட்ரின் என்ற வலிப்பு மருந்தையோ வெளிநோயாளியாகவே தொடங்கலாம், தொலைமருத்துவத்தில் காணொளி பார்த்து முடிவெடுக்கலாம் என்று. பிரிட்டிஷ் ஆய்வில் பயன்பட்ட அளவு: ப்ரெட்னிசொலோன் 10 மி.கி. நாளுக்கு நான்கு வேளை, இரண்டு வாரம். ஏழாம் நாளிலும் நிற்காவிட்டால் 20 மி.கி. மூன்று வேளை, பிறகு படிப்படியாகக் குறைப்பது. ட்யூபரஸ் ஸ்க்லெரோசிஸ் (மூளை, தோல் முதலியவற்றில் கட்டிகள் வரும் மரபணு நோய்) என்றால் முதலிலேயே விகாபட்ரின். வீட்டில் ஸ்டீராய்டு கொடுக்கும்போது ரத்த அழுத்தத்தை வாரம் ஒருமுறையாவது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்க்க ஏற்பாடு வேண்டும். பெரும்பாலும் கோட்டைவிடுவது அங்கேதான். உயிருள்ள நுண்ணுயிர்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடச் சொல்வதையும் மறக்க வேண்டாம்.

நல்ல காணொளிக்குத் தாயிடம் சொல்ல வேண்டியது: தூங்கி எழுந்த உடன் எடுங்கள், கொத்துக் கொத்தாக வருவது அப்போதுதான். போர்வையை எடுத்துவிட்டு உடம்பு முழுக்கத் தெரிய, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழ, போனைக் கிடைமட்டமாகப் பிடித்து, இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தாமல். பிள்ளையைக் கூப்பிட்டு நிறுத்த முயல வேண்டாம்.

ஆகையால், 2020 சேர்க்கைப் பட்டியலில் சிசு வலிப்பு குறைந்திருந்தால் "குறைந்தது" என்று எழுதாமல், அடுத்த இரண்டு ஆண்டில் சேர்ந்தவர்களின் முதல் வலிப்பு எப்போது வந்தது என்று பின்னோக்கிப் பாருங்கள்.

#13 பிஜி_நிலா
எல்லாருக்கும் நன்றி. மூன்று காலப் பிரிவைக் கலைத்துவிட்டு மறுபடி தொடங்குகிறேன். இரண்டு கேள்விகள். ஒன்று, தலைக்காயம், குறிப்பாகச் சிசுக்களை உலுக்குவதால் வருவது, முடக்கத்தில் பல மடங்கு கூடியது என்று படித்தேன். எடுத்துக்கொள்ளலாமா? இரண்டு, பழைய பெருந்தொற்றுகளோடு ஒப்பிட ஒரு பத்தி எழுத நினைக்கிறேன்.

#14 புள்ளியியல்_மாணிக்கம்
முதல் கேள்விக்கு. நீங்கள் படித்தது லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் அறிக்கையாக இருக்கும். 2020 மார்ச் 23 முதல் ஒரு மாதத்தில் 10 குழந்தைகள், முந்தைய மூன்று ஆண்டில் அதே காலத்துச் சராசரி 0.67. உயர்வு 1,493 சதவீதம் என்று தலைப்புகள் பறந்தன. மூன்று ஆண்டில் இரண்டே கேஸ் என்கிற அடித்தளத்தின் மேல் கட்டிய சதவீதம் அது. பத்துக் குழந்தைகள் வந்தது பொய்யல்ல, அந்த மருத்துவமனைக்கு அது பெரிய எச்சரிக்கைதான். ஆனால் அமெரிக்காவின் 49 குழந்தைகள் மருத்துவமனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது அதே ஆண்டில் இது குறைந்திருந்தது. பாரிஸில் 2021இல் கூடியது. இடத்துக்கு இடம் வேறு, காலத்துக்குக் காலம் வேறு. உங்களிடம் மாதம் ஐந்துக்குக் கீழான எந்த நோய்க்கும் சதவீத மாற்றம் எழுத வேண்டாம். எண்ணிக்கையும் 95 சதவீத நம்பக இடைவெளியும் (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) போதும்.

#15 நரம்பியல்_கதிர்
இரண்டாவதற்கு. 1918ஐ இழுத்தால் கவனம். வியன்னாவில் ஃபான் எகோனோமோ உறக்க மூளைக்காய்ச்சலை விவரித்தது 1917இல், ஸ்பானிஷ் ஃப்ளூவின் பெரிய அலைக்கு முன்பே. 1920களில் அது மங்கி மறைந்தது. ஃப்ளூதான் காரணம் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. "1918 ஃப்ளூவால் வந்த" என்று ஒரு வார்த்தை எழுதினால் அங்கேயே பிடிப்பார்கள்.

2009தான் உங்களுக்குப் பயன்படும். அந்த மே மாதமே டல்லஸில் எச்1என்1 கண்ட நான்கு பிள்ளைகளுக்கு வலிப்பும் நினைவுக் குழப்பமும் வந்து, ஜூலையில் அறிக்கையாக வெளியானது. நால்வரும் மீண்டார்கள். ஆனால் பெரிய பாடம் அடுத்த ஆண்டு வந்தது. பேண்டம்ரிக்ஸ் என்ற எச்1என்1 தடுப்பூசிக்குப் பின் பின்லாந்து, ஸ்வீடன் குழந்தைகளிடம் நார்கொலெப்சி (பகலில் அடக்க முடியாத தூக்க நோய்) கூடியது 2010 ஆகஸ்டில் வெளியே தெரிந்தது. சீனாவில் 2010இல் நார்கொலெப்சி சுமார் மூன்று மடங்கானது, பெரும்பாலோர் அந்தத் தடுப்பூசி போடாதவர்கள். அங்கே வைரஸ் தொற்றையே சந்தேகித்தார்கள். அலை ஓய்ந்து மாதங்கள் கழித்துத்தான் நரம்பியல் பின்விளைவு கண்ணில் படும். அதனால் உங்கள் ஆய்வை 2023இல் முடிப்பதை ஒரு வரம்பாகவே எழுதுங்கள்.

நம் நாட்டுக்கு இந்தப் பின்விளைவு வைரஸைவிடத் தவறிய சேவைகளால்தான் அதிகம். 2020இல் உலக அளவில் 2.3 கோடிக் குழந்தைகளுக்கு அடிப்படைத் தடுப்பூசி முழுமையாகக் கிடைக்கவில்லை. 2022இல் மும்பையில் தட்டம்மை வெடித்தது. தட்டம்மை கண்ட ஆயிரத்தில் ஒரு பிள்ளைக்கு உடனே மூளைக்காய்ச்சல். எஸ்எஸ்பிஈ என்கிற மெல்லக் கொல்லும் வடிவம் ஆறு முதல் பத்து ஆண்டு கழித்து வரும், அதாவது 2028க்குப் பிறகும் வந்துகொண்டிருக்கும். காசநோய் இன்னும் அருகில் இருக்கிறது: இந்தியாவில் பதிவான காசநோயாளிகள் 2019இல் 24 லட்சம், 2020இல் 18 லட்சம். அந்த ஆறு லட்சம் பேருக்கு நோய் இல்லாமல் போகவில்லை, பலர் சிகிச்சையில்லாமல் வீட்டில் இருமிக்கொண்டிருந்தார்கள். அந்த வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இருந்தால், தொற்றிய சில மாதங்களில் காசநோய் மூளை உறைக் காய்ச்சல் வரலாம். 2021, 2022 தரவில் அதன் எண்ணிக்கையோடு, சேரும்போது எந்த நிலையில் இருந்தது என்பதையும் எடுங்கள்.

#16 பிஜி_நிலா
புரிகிறது, சார். கடைசியாக, மாடலும் தரவுத் தாளும். மாணிக்கம் சார், சேகர் சார், சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

#17 புள்ளியியல்_மாணிக்கம்
2019ஐ மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். அந்த ஆண்டு டெங்கோ ஃப்ளூவோ அதிகமாக இருந்தால் எல்லாமே தப்பாகும். 2017 மார்ச் முதல் 2020 பிப்ரவரி வரை 36 மாதம் அடித்தளம். இடைமறித்த காலத்தொடர் (ஒரு நிகழ்வுக்கு முன்னும் பின்னும் போக்கை ஒப்பிடுவது), எண்ணிக்கைகளுக்கான நெகட்டிவ் பைனாமியல் மாடல். பாய்சான் போட்டால் சிதறல் அதிகமாகி நம்பக இடைவெளி பொய்யாகக் குறுகும். பருவ ஏற்ற இறக்கத்துக்கு சைன், கொசைன் இரண்டு ஜோடி போதும். 2020 மார்ச் மூன்றாம், நான்காம் வாரங்களை விட்டுவிடுங்கள், எந்தப் பக்கமும் சேராதவை. எச்சங்களில் தன்தொடர்பு (ஒரு மாத விலகல் அடுத்த மாதத்தோடு ஒட்டுவது) இருக்கிறதா பார்த்து, இருந்தால் அதற்கேற்பத் திருத்திய நியூவி-வெஸ்ட் பிழை.

காலத்தை ஆண்டாக வெட்டாமல் நிகழ்வாக வெட்டுங்கள்: 2020 மார்ச் 25 முதல் மே 31 வரை முழு முடக்கம், 2021 ஏப்ரல் முதல் ஜூன் வரை இரண்டாம் அலை, 2021 செப்டம்பர் 1 தமிழ்நாட்டில் 9 முதல் 12 வகுப்புகள், நவம்பர் 1 சிறு வகுப்புகள் திறப்பு, 2022 ஜனவரி, பிப்ரவரி ஒமிக்ரான். பள்ளி திறந்த தேதியை எல்லா வயதுக்கும் ஒன்றாகப் போடாதீர்கள். காய்ச்சல் வலிப்பு வயதுக்குப் பொருத்தம் நவம்பர்தான், அதுவும் வீட்டில் அண்ணன் அக்கா பள்ளிக்குப் போவதால்.

#18 எம்ஆர்டி_சேகர்
தாளில் இந்தப் பத்திகள் இருக்கட்டும்: மறைக்குறியீட்டு எண், மாதத்தில் வயது, பால், மாவட்டம், சேர்ந்த தேதி, அவசரமா திட்டமிட்டதா, நேரடி வருகையா மாற்றி அனுப்பியதா, முதல் அறிகுறித் தேதி, எல்லா ஐசிடி குறியீடுகளும், ஏற்கெனவே நரம்பியல் நோய் உண்டா, மருந்து தவறியதா, கோவிட் சோதனை செய்ததா, முடிவு, எல்பி (முதுகில் தண்டுவட நீர் எடுத்தல்), இஇஜி, எம்ஆர்ஐ, ஐசியு நாட்கள், வெளியேறும்போது நிலை. "கோவிட் பாசிட்டிவ்" பத்தியில் ஆம், இல்லை என்று மட்டும் வைக்காதீர்கள். கால் எலும்பு முறிந்து வந்த பிள்ளைக்கும் அப்போது மூக்கில் குச்சி விட்டார்கள். "கோவிட்டால் சேர்ந்தது", "கோவிட்டோடு சேர்ந்தது", "சொல்ல முடியாதது" என்று மூன்றாக வையுங்கள், அந்த முடிவை நரம்பியல் மருத்துவர் இருவர் எடுக்கட்டும்.

பெயர், போன் நம்பர், முகவரி வேண்டாம். பழைய கேஸ் ஷீட்டுகளை எடுக்கும் முன் நெறிமுறைக் குழு அனுமதிக் கடிதத்தோடு எம்ஆர்டிக்கு (மருத்துவப் பதிவேட்டுத் துறைக்கு) வாருங்கள். 2017, 2018 கட்டுகள் பல இடங்களில் வெளிக் கிடங்குக்குப் போயிருக்கும், வரவழைக்க ஒரு மாதமாவது பிடிக்கும். முதலில் அவற்றுக்கு மனுப் போட்டுவிட்டு, கணினியில் இருக்கும் 2021க்குப் பிந்தையதை இதற்கிடையில் தொடங்குங்கள்.